பெஞ்சமின் ராபின்ஸ் சரித்திரச் சுருக்கம்

தோற்றுவாய்

சென்னையினின்று கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வார்க்குக் கோவளமும், மாமல்லபுரமும், சதுரங்கப்பட்டினமும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். புதுச்சேரியையும் கடந்து சென்றால், கூடலூரை அடுத்துத் தேவனாம்பட்டினம் என்னும் கடலோர ஊர் உளது. பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கரை நெடுகிலும் ஐரோப்பிய வணிகர் கோட்டைகள் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். சென்னையிலும் தேவனாம்பட்டினத்திலும் ஆங்கிலேயர், சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்றவாறு இருந்தது அக்காலத்து நிலை. கோவளத்திலே சில காலம் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் பண்டகசாலை வைத்திருந்தனர். அவர் நீங்கிய பின்னர் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன்கான் அவ்விடத்தே சாதத் பந்தர் என்னும் கோட்டையை எழுப்பினார்.

இக்கரையிலுள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையில், 1751ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆம் நாள், நாற்பத்து நான்கே ஆண்டு நிரம்பிய ஆங்கிலேயர் ஒருவர் காய்ச்சலால் மெலிந்து உயிர் நீத்தார். அவரே பெஞ்சமின் ராபின்ஸ். துப்பாக்கியினின்று புறப்படும் குண்டு எவ்வளவு விரைவாகச் செல்கிறது, காற்று அதனை எவ்வளவு தடுக்கிறது, குறி ஏன் தவறுகிறது, அத்தவறு எவ்வாறு நீங்கும் என்னும் நான்கு கேள்விகளுக்கும் உலகில் முதன்முதல் அளந்து விடை கூறியவர் அவர். எறிபொருளியல் என இன்று வழங்கும் சாஸ்திரத்துக்கு அவரைத் தந்தை என அறிஞர் பலர் கூறுவர். இத்தகையார் நம் நாட்டு மண்ணில் மறைந்தார் என்பதை நம்மவருட் பலர் அறியார். ஆதலின் அவர் சரித்திரத்தைச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

இளமையும் கல்வியும்

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் என்னும் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் செல்வரல்லர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அக்கூட்டத்தார் போரையும் படைக்கலத்தையும் முற்றும் வெறுப்பவர். அத்தகைய குடியிற் பிறந்தவர் துப்பாக்கி நூலுக்கு ஆசிரியரானது வியப்பே. ராபின்ஸ் இளமையிலேயே அந்நெறியை விட்டு நீங்கினாரெனினும், கண்டதைக் கண்டவாறே கூறவேண்டும் என்னும் அக்கூட்டத்தாரின் கண்டிப்பு அவரை விட்டு நீங்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

கணிதத்தில் அவருக்கிருந்த கூர்மையை அறிந்தோர் அவரை இலண்டன் நகருக்கு அனுப்பினர். ஆங்கே நியூட்டனுடைய பிரின்சிபியா நூலின் மூன்றாம் பதிப்பைப் பார்வையிட்டு வெளியிட்ட ஹென்றி பெம்பர்ட்டன் என்பாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகம் எதனிலும் பயிலாமலே, பழைய கிரேக்கக் கணித நூல்களையும் நியூட்டன் நூல்களையும் தாமே கற்றுத் தெளிந்தார். 1727ஆம் ஆண்டில், இருபது வயதிலேயே, இராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அவர் ஏட்டுக் கணிதத்தோடு நின்றவரல்லர். ஆலைகள், பாலங்கள், துறைமுகங்கள், சதுப்பு நிலத்து நீரை வடித்தல் முதலிய வேலைகளிலும் கருத்தைச் செலுத்தினார். பிளாண்டர்ஸ் நாட்டுக் கோட்டைகளை நேரிற் சென்று பார்த்து அரண் கட்டும் கலையை ஆராய்ந்தார். நியூட்டனுடைய நுண்கணித முறையைப் பார்க்லி என்னும் அத்தியட்சர் 1734இல் மறுத்து எழுதியபொழுது, அடுத்த ஆண்டே அம்முறையின் உறுதியை விளக்கி ஒரு நூல் இயற்றினார். ஆய்லர் எழுதிய இயக்கநூலையும் 1739இல் குற்றங்காட்டி மறுத்தார். அரசியற் கட்சிப் பூசலிலும் தலையிட்டு, முதன்மந்திரி வால்போலுக்கு மாறாகத் துண்டு நூல்கள் வரைந்தார்.

இழந்த பதவியும் பிறந்த நூலும்

1741ஆம் ஆண்டில் உல்லிச்சு நகரத்து இராணுவக் கல்விச்சாலைக்கு ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. ராபின்ஸ் அப்பதவியை விரும்பினார். தாம் கற்பிக்கத் தகுதியுடையார் என்பதைக் காட்டும் பொருட்டுப் பீரங்கி, துப்பாக்கி பற்றிய பாடக்குறிப்புக்களையும் எழுதிவைத்தார். ஆயினும் பதவி ஜான் முல்லர் என்பாருக்குச் சென்றது. ராபின்ஸ் மனம் உடைந்து எழுதுகோலை வைத்துவிட்டாரல்லர். அக்குறிப்புக்களை விரித்துத் துப்பாக்கி நூலின் புதிய தத்துவங்கள் என்னும் பொருள்பட ஒரு சிறு நூலாக்கி 1742இல் வெளியிட்டார். அப்பதவியை அவர் பெற்றிருப்பின் ஒரு கல்விச்சாலையே பயன் பெற்றிருக்கும். பெறாமையால் உலகம் பயன் பெற்றது.

அந்நூல் தோன்றுமுன் கற்றோர் கொண்டிருந்த கொள்கை இது: மேல்நோக்கி எறியப்பட்ட பொருள் பரவளைவு என்னும் வளைகோட்டில் சென்று விழும் என்று கலிலியோ காட்டினார், காற்று மிக மெல்லிய பொருளாதலின், கனத்த இரும்புக் குண்டை அது என்ன செய்துவிடும் எனப் பிறர் அதனைக் கணக்கிற் சேர்க்காது விட்டனர். ஏட்டிலே கணக்கு அழகாக முடிந்தது. களத்திலோ பீரங்கிக் குண்டு அக்கணக்குக்கு அடங்கவில்லை. பீரங்கிக்காரர் கணித சாஸ்திரிகளை நகைத்தனர். சாஸ்திரிகள் பீரங்கிக்காரரின் கைத்திறமையைக் குறை கூறினர். இவ்விரு திறத்தாருக்குமிடையே அளவுகோலுடன் வந்து நின்றவர் ராபின்ஸ்.

ஊசல் கூறிய சான்று

கண்ணாற் காணவும் இயலாத வேகத்தில் விரையும் குண்டின் வேகத்தை எவ்வாறு அளப்பது? இதற்கு ராபின்ஸ் கண்ட உபாயம் குழந்தைக்கும் விளங்கத்தக்கது. மூன்று கால்கள் நாட்டி, அவற்றின் உச்சியினின்று ஏறக்குறைய 56 ராத்தல் நிறையுள்ள ஊசலொன்றைத் தொங்கவிட்டார். அதன் முகத்தில் கனத்த மரப்பலகை பொருத்தப்பட்டிருந்தது. ராத்தலுக்குப் பன்னிரண்டு நிற்கும் ஈயக்குண்டு ஒன்றைத் துப்பாக்கியினின்று அப்பலகையிற் சுட்டால், குண்டு மரத்திற் புதைய, ஊசல் பின்னோக்கி ஆடும். ஊசலின் அடியிற் கட்டிய நாடா, அது எத்துணைத் தூரம் ஆடிற்றோ அத்துணைத் தூரம் இழுபட்டு வெளிவரும். நாடாவை அளந்தால் ஊசலின் வேகம் தெரியும். ஊசலின் வேகம் தெரிந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும்.

சிறு குண்டின் உந்தம் பெரும் பாரத்தோடு பங்கிடப்படுவதே இதன் உட்பொருள். எளிய கணக்காகக் கூறின், குண்டைப்போல் ஏறக்குறைய 670 மடங்கு கனத்த பொருளிற் குண்டு பதிந்தால், வினாடிக்கு 1,670 அடி என்னும் வேகம் இரண்டரை அடியளவாகக் குறைந்து, அளப்பதற்கு எளிதாகி நிற்கும். கண்ணுக்கெட்டாத ஒன்றைக் கைக்கெட்டுமாறு மெதுவாக்கித் தந்த இக்கருவியை, எறிபொருளியல் ஊசல் என்று இன்றும் பௌதிக வகுப்புக்களில் கற்பிக்கின்றனர். நம் மாணவர் பரீட்சைக்கு எழுதும் அக்கணக்கின் பின்னால் இவ்வாசிரியர் நிற்கிறார் என்பதை அறிதல் நன்று.

அடுத்து அவர் ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும், பின்னர்ச் சேய்மையிலும் வைத்துச் சுட்டுப் பார்த்தார். சேய்மையில் வேகம் பெரிதும் குறைந்திருந்தது. குறைந்த அளவே காற்றின் தடை. வினாடிக்கு 1,670 அடி விரையும் முக்கால் அங்குலக் குண்டைக் காற்று ஏறக்குறைய 10 ராத்தல் விசையோடு எதிர்க்கிறது எனக் கண்டார். அவ்விசை அக்குண்டின் நிறையைப்போல் 120 மடங்கு! இருபத்துநான்கு ராத்தல் இரும்புக் குண்டொன்று காற்றில்லா வெளியிற் பதினாறு மைல் செல்லவேண்டும் என்று பழைய கணக்குக் கூற, உண்மையில் அது மூன்று மைலும் செல்லாதது ஏன் என்பது இதனால் விளங்கிற்று. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி மீறும்பொழுது காற்றின் தடை திடீரென மிகுகின்றது என்பதையும் அவர் குறித்துவைத்தார். இரு நூற்றாண்டு கழித்து ஒலியை முந்தும் ஆகாய விமானங்களைச் செய்யப் புகுந்தோர் எதிர்ப்பட்ட இடர் இதுவேயாம்.

குறி தவறும் காரணம்

இனி, இச்சரித்திரத்தின் உயிர்நிலைக்கு வருவோம். அக்காலத்துப் படைவீரர் ஏந்திய துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. எளிதில் மருந்திட்டு நிரப்பும் பொருட்டுக் குண்டைக் குழலினும் சற்றுச் சிறிதாகவே வார்ப்பர். கை நடுங்காத வீரனொருவன், துப்பாக்கியை ஒரு பாரத்தோடு அசையாது கட்டிவைத்துச் சுட்டாலும், முதற் குண்டு வலப்புறமும் அடுத்த குண்டு இடப்புறமும் விலகும். இதனைத் துப்பாக்கியின் இயல்பு என்றும், தற்செயல் என்றும் கூறி உலகம் அமைந்திருந்தது.

ராபின்ஸ் அமையவில்லை. விளைவு ஒன்று உண்டாயின் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று அவர் தேடினார். குண்டு குழலினும் சிறிதாதலின், வெளிவருமுன் குழலின் பக்கங்களில் உராய்ந்து உராய்ந்து உருள்கின்றது. கடைசியில் எப்பக்கத்தில் உராய்ந்ததோ அதற்கேற்பச் சுழன்றுகொண்டே வெளிப்படுகின்றது. சுழலும் குண்டின் ஒரு பக்கம் காற்றை எதிர்த்தும் மறுபக்கம் காற்றோடு இசைந்தும் செல்லுதலால், இருபக்கத்துக் காற்றின் விசையும் ஒத்திராது குண்டை ஒருபுறம் வளைத்துவிடுகின்றது. ஒவ்வொரு முறையும் சுழற்சி வேறுபடுதலின், விலகலும் வேறுபடுகின்றது. தற்செயல் என்று உலகம் கூறியதன் உண்மை இதுவே.

கூறியதை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை மிக அழகியது. ஒரு துப்பாக்கிக் குழலின் வாய்ப்புறத்தைச் சிறிது இடப்பக்கமாக வளைத்தார். மெல்லிய காகிதத் திரைகளைச் சிறிது சிறிது தூரத்தில் நிறுத்தி, கடைசியில் ஒரு சுவரை இலக்காக வைத்தார். குழல் இடப்பக்கம் வளைந்திருத்தலின் குண்டு இடப்பக்கமே செல்லும் என்று எவரும் கூறுவர். ஆனால் வளைவின் வெளிச்சுவரில் உராய்ந்து சுழலும் குண்டு, இடப்பக்கம் புறப்பட்டாலும் பின்னர் வலப்பக்கம் திரும்பவேண்டும் என்று ராபின்ஸ் முன்னதாகவே கூறினார். சுட்டபின் திரைகளிலுள்ள துளைகளைப் பார்த்தனர். முதற் றிரைகளில் துளை இடப்பக்கம், சுவரிலோ வலப்பக்கம்! சேப்பாக்கம் மைதானத்திலே சுழற்பந்து எறிவோர் விடுத்த பந்து தரையைத் தொடுமுன்னரே காற்றிற் பக்கமாக நகர்வதை நம் மாணவர் கண்டிருப்பர். அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

வரிக்குழலின் நன்மை

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. குண்டு சுழலாமற் போகச் செய்தல் இயலாது. ஆனால் அது சுழலும் திசையை நாமே வகுத்தல் இயலும். குழலின் உட்புறத்தே திருகாணியின் புரிபோல் வளைந்து செல்லும் வரிகளை வெட்டிக் குண்டையும் இறுக்கமாகப் பொருத்தினால், அது செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போற் சுழலும். அப்பொழுது காற்றின் விசை எப்பக்கத்தும் ஒத்திருக்கும். குண்டிற் சிறு குறை இருப்பினும், அக்குறை ஒரே பக்கத்தில் நில்லாது சுற்றிச் சுற்றி வருதலின் விலகல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். வரிக்குழலை ஜெர்மனி முதலிய நாட்டு வேடர் முன்னரே கையாண்டனர். ஆனால் அஃது ஏன் குறி தவறாமற் சுடுகின்றது என்பதைத் தெளிவாகக் கூறியவர் ராபின்ஸே.

1746ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தார் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர். அடுத்த ஆண்டு வரிக்குழலின் நன்மையைப் பற்றிச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். உருண்டைக் குண்டுக்கு மாறாக முட்டை வடிவுடைய குண்டைக் கனத்த முனை முன்னாக அமைத்தல் நன்று எனவும், எந்த நாட்டார் இதன் உண்மையை முதலில் உணர்ந்து தம் படைக்கு வழங்குவரோ அவர் பிறரினும் பெரிதும் மேம்படுவர் எனவும் அதில் உரைத்தார். அவர் காலத்து அரசினர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. குண்டை வாய்வழியே இறுக்கித் திணிக்க நெடுநேரம் ஆகும் என்பது அவர் கூறிய தடை. அது நீங்க நூறாண்டு வேண்டியிருந்தது.

ஆய்லரின் பெருந்தன்மை

ராபின்ஸால் முன்னர்க் குற்றங்காட்டப்பட்ட ஆய்லர் அப்பொழுது பெர்லின் நகரில் இருந்தார். ஐரோப்பாவின் கணித அறிஞருள் முதல்வராக மதிக்கப்பட்டவர். அவர் பழைய மறுப்பை மனத்துட்கொண்டு பழிவாங்க எண்ணவில்லை. ராபின்ஸின் நூலே துப்பாக்கி நூல்களுட் சிறந்தது எனக் கண்டு, 1745இல் அதனைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, மூலத்தினும் பன்மடங்கு விரிந்த உரையும் எழுதிச் சேர்த்தார். அவ்வுரையோடு கூடிய நூல் 1783இல் பிரெஞ்சு மொழியிலும் வந்தது. பிற்காலத்தே பேரரசனாகிய நெப்போலியன், இளம் பீரங்கிப்படை அதிகாரியாயிருந்தபொழுது அதனைக் கற்றுக் குறிப்பெடுத்தான்.

ஆய்லரும் ஓரிடத்தில் வழுவினார். சுழற்சியாற் குண்டு பக்கமாக வளைகின்றது என்பதை அவர் ஒப்பவில்லை. குண்டின் வடிவக் குறையே காரணம் என்றார். அவர் பெருமையால் அக்கொள்கை நிலைபெற்றது. நூறாண்டு கழித்துப் பெர்லின் நகரத்து மாக்னஸ் என்பார் சோதனை செய்து ராபின்ஸ் கூறியதே மெய் எனக் காட்டினார். ஆயினும் அவ்விளைவுக்கு மாக்னஸின் பெயரே வழங்கலாயிற்று. பெயர் எவருடையதாயினும் உண்மை காகிதத் திரையில் துளையாக நின்றதன்றோ!

இந்தியாவுக்கு வருகை

1747இல் பெர்கன்-ஆப்-சூம் என்னும் ஒல்லாந்தர் கோட்டையைக் காக்க உதவுமாறு ராபின்ஸ் அழைக்கப்பட்டார். அவர் போய்ச் சேருமளவில் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. கடற்படைத் தலைவர் ஆன்சன் உலகைச் சுற்றி வந்த சரித்திரம் 1748இல் வெளிவந்தபொழுது, அதனை எழுதியதில் அவருக்கும் பெரும்பங்கு இருந்தது என்பர்.

இதற்கிடையே நம் நாட்டில் 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தலைவர் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். உடன்படிக்கையால் 1749இல் அது ஆங்கிலேயருக்கு மீண்டும் கிடைத்ததேனும், அதன் வலியின்மை உலகறிந்ததாயிற்று. அதனைப் புதுப்பித்து அரண் செய்யத் தக்கவரைத் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனியார், ராபின்ஸைத் தம் தலைமைப் பொறியாளராக நியமித்தனர். 1749ஆம் ஆண்டின் முடிவிற் கப்பலேறி, வழியில் உடைந்து மூழ்கும் நிலையினின்று தப்பி, 1750 ஜூலையில் அவர் இக்கரையை அடைந்தார். ஜான் கால் என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக உடன்வந்தார்.

சென்னைக் கோட்டைக்கும் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கும் முழுமையான வரைவுகளை ராபின்ஸ் ஆயத்தஞ் செய்தார். ஆனால் இந்நாட்டு வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. செப்டம்பர் மாதத்திற் காய்ச்சல் கண்டது; தேறினாரெனினும் பழைய வலிமை மீளவில்லை. ஓராண்டே உழைத்து, கம்பெனியாருக்கு அனுப்பவேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கையிலேயே, கையிற் பிடித்த எழுதுகோலுடன் உயிர் துறந்தார் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். அவர் நூல்களை நண்பர் ஜேம்ஸ் வில்சன் 1761இல் இரண்டு பாகங்களாகத் தொகுத்து வெளியிட்டார்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டை 1758இல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதியாற் பிடித்து இடிக்கப்பட்டது. அதே ஆண்டின் முடிவில் அவர் சென்னையை முற்றுகையிட்டபொழுது, அக்கோட்டையின் பொறியாளராக நின்று காத்தவர் ராபின்ஸிடம் தொழில் கற்ற ஜான் காலே. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கிற்று.

கோவளத்தில் நிகழ்ந்தது

ராபின்ஸ் சென்னையில் அரண் வகுத்துக்கொண்டிருந்த 1750ஆம் ஆண்டிலேதான், அதற்கு இருபது மைல் தெற்கேயுள்ள கோவளக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சியாற் கைக்கொண்டனர். உறுதியான மதிலும் வட்டக் கொத்தளங்களும் உடையதேனும், அதற்கு அகழி இல்லை. ராபின்ஸ் மறைந்த மறு ஆண்டு, 1752இல், கிளைவு அதனைப் பிடிக்கச் சென்றார். அவருடன் சென்றோர் அண்மையிற் சேர்க்கப்பட்ட பயிற்சியற்ற ஆங்கிலேயர் இருநூற்றுவரும், புதிய சிப்பாய்கள் ஐந்நூற்றுவருமே. கோட்டையினின்று வெடி எழுந்தவுடன் அவர் சிதறி ஓடினர். ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்திருக்க மறுநாளே கண்டெடுத்தனராம். கிளைவு அவரைத் திரட்டி மீண்டும் நிறுத்தியபின் கோட்டை பணிந்தது. பின்னர் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செங்கழுநீர்ப்பட்டுக் கோட்டையும் அவ்வாண்டே அவர் வசமாயிற்று.

அந்நாளில் இருதிறத்துப் படைவீரரும் ஏந்தியவை வரியற்ற குழல்களே. தன் குண்டு எங்கே செல்லும் என்று சுடுவோனும் அறியான். தன்மேல் வரும் குண்டு எங்கிருந்து வந்தது என்று அஞ்சுவோனும் அறியான். கூட்டமாக நின்று கூட்டத்தை நோக்கிச் சுடுதலே அக்காலப் போர்முறை. அவ்விருளை நீக்கும் அறிவு ஐந்தாண்டுக்கு முன்னரே இலண்டனில் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. அவ்வறிவை உடையவரோ அதே கரையில் ஓராண்டுக்கு முன் மண்ணுள் மறைந்திருந்தார்.

வித்தும் விளைவும்

ராபின்ஸ் விதைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் முளைத்தது. 1849இல் பிரான்சு நாட்டு மினியே என்பார், குழலில் எளிதாக இறங்கி, சுடும்பொழுது மட்டும் விரிந்து வரியைப் பற்றும் நீண்ட குண்டை அமைத்தார். இவ்வகைக் குண்டை ஏற்கும் என்பீல்டு வரித்துப்பாக்கியை 1853இல் ஆங்கிலேயர் தம் படைக்குத் தெரிந்துகொண்டனர். அதன் தோட்டா தடையின்றி இறங்குதற்குக் கொழுப்புத் தடவினர். அது பசுவின் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற செய்தி பரவியதும், அத்தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்க நேர்ந்ததும், 1857ஆம் ஆண்டு வடநாட்டிற் பற்றிய பெருநெருப்புக்கு உடனடிப் பொறியாயின. குறியை நேராக்கிய அறிஞர் எவரும், மக்களின் உள்ளம் புண்படுவதைத் தம் கணக்கிற் சேர்க்கவில்லை.

பின்னர்த் தாழ்ப்பாளைப்போல் முன்னும் பின்னும் தள்ளி மூடும் போல்ட்டுத் துப்பாக்கி வந்தது. ஜெர்மனியில் மௌசர், இங்கிலாந்தில் லீ-என்பீல்டு என்பன அவ்வகையிற் பெயர் பெற்றவை. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் லீ-என்பீல்டு பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. தொழிற்சாலைத் துப்பாக்கிகள் யாவும் ஒரே அளவினவாயினும், எல்லாம் ஒன்றுபோற் சுடுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயர், நான்காம் எண் லீ-என்பீல்டுகளுள் நன்கு சுடுவனவற்றைத் தெரிந்தெடுத்து, ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்னும் இலண்டன் துப்பாக்கித் தொழிலகத்துக்கு அனுப்பித் திருத்தினர். தொழிலாளர் என் செய்தனர்? புதிதாக எதனையும் படைத்தாரல்லர். குழலைத் தாங்கும் மரக்கட்டை எவ்விடத்தும் ஒழுங்கின்றி அழுத்தாதவாறு பொருத்தினர். விசை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இயங்கச் செய்தனர். தொலைநோக்கியை அசையாது பூட்டினர்.

இவை ஒவ்வொன்றும் ராபின்ஸின் பாடமே. கடற்காற்றின் ஈரத்தால் மரக்கட்டை பருத்துக் குழலை ஒருபுறம் நெருக்கினால், காலையில் நேராகச் சுட்ட துப்பாக்கி மாலையில் விலகிச் சுடும். கோவளம் போன்ற கரையிற் காவல் நிற்போர்க்கு இது தெரிந்ததே. குழலின் வாயிற் சிறு வடு இருப்பின், வெடிப்புகை ஒருபுறம் முந்தி வெளிப்பட்டுக் குண்டின் அடியைச் சாய்த்துவிடும். போல்ட்டின் பற்கள் இருபுறமும் ஒத்துப் பதியாவிடின் வெடியின் விசை கோணலாகும். தோட்டாக்களில் மருந்தின் அளவு வேறுபடின் வேகம் வேறுபட்டுக் குறி மேலும் கீழுமாகும். துருவும் அழுக்கும் சேரின் வரி தன் வேலையைச் செய்யாது, தோட்டாவும் சிக்கிக்கொள்ளும். இச்சாப்பூரார் முன்கட்டை பிளவுபடாதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி பூட்டியதும் இத்தகைய கவலையாலேயே. ஒவ்வொரு வெடியும் முன் வெடியைப் போன்றிருத்தல் வேண்டும் என்பதே இத்தொழில் முழுவதற்கும் சூத்திரம். ஒவ்வாமை எங்கு உளதோ அங்குக் குறி தவறும். அதனைத் தேடிக் கண்டு ஒவ்வொன்றாக நீக்குதலே திருத்தம். இத்திருத்தம் தேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் மாற்றியமைத்தலும் குற்றமாம்.

முடிவுரை

கிறிஸ்துவின் சமாதானத்தைப் போதிக்கும் கல்லூரியின் ஏட்டில் துப்பாக்கி நூலாசிரியரின் சரித்திரம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவ்வினா தக்கதே. சமாதானக் கூட்டத்திற் பிறந்தவர் கண்ட உண்மை, எண்ணிறந்த போர்க்களங்களில் உயிர்களை மாய்க்கத் துணையாயிற்று. அதனை மறைத்தல் முறையன்று. ராபின்ஸும் தம் நூல் போருக்குப் பயன்படும் என்பதை அறிந்தே எழுதினார். அறிவு தேடுவோர், தாம் தேடுவது எக்கைக்குச் சென்று சேரும் என்பதையும் எண்ணவேண்டும் என்பது இச்சரித்திரத்தின் ஒரு பாதி.

மறுபாதி இது. தவறு நேர்ந்தவிடத்து விதி என்றும் தற்செயல் என்றும் கூறி அமைதல் மக்கட்கு எளிது. ராபின்ஸ் அவ்வாறு அமையாமல், தவறுக்குக் காரணம் உண்டு என நம்பினார். நம்பியதோடு நில்லாது அளந்தார். அளந்ததைப் பெரியோர் மறுத்தபொழுதும் மறைக்காது எழுதிவைத்தார். பதவி கிடையாமையும், அரசினர் செவி கொடாமையும், அயல்நாட்டுக் காய்ச்சலும் அவர் கையை நிறுத்தவில்லை. இன்று நம் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து, .22 துப்பாக்கியைத் தோளிற் சார்த்தி இலக்கு நோக்கும் மாணவர், குறி தவறியவுடன் துப்பாக்கியைப் பழியாது, மூச்சோ, பிடியோ, விசையோ, தோட்டாவோ என ஒவ்வொன்றாகத் தேடக் கற்பராயின், அவர் ராபின்ஸின் மாணாக்கரே ஆவர். சோதனைச்சாலையில் விடை பிழைத்தவிடத்தும், கணக்கு முடியாதவிடத்தும், வாழ்க்கையில் எண்ணியது கைகூடாதவிடத்தும் அவ்வழக்கமே துணை செய்யும். தேவனாம்பட்டினத்தில் கடலும் காலமும் கோட்டையைப் பெரிதும் கொண்டுபோயின. அங்கே மாண்ட அறிஞரின் அளவுகோல் மட்டும் நம் கையிலேயே இருக்கின்றது.